வெல்டர் கொடுத்த இருட்டுப் புகார்

இந்தக் காலத்தில் யாரும் எதையும் காதில் வாங்குவதில்லை. வாயிலிருந்து பாதி வார்த்தை வருவதற்குள் எதிரே நிற்பவர் மீதியைத் தானே நிரப்பிக்கொண்டு தலையாட்டிவிடுகிறார். முழங்கால் வலி என்று போனால் சர்க்கரைக்கு மாத்திரை எழுதுகிறார்கள். குழாயில் தண்ணீர் வரவில்லை என்று போன் செய்தால், தண்ணீரைச் சிக்கனமாகச் செலவழிப்பது எப்படி என்று ஒரு பெண்குரல் பாடம் நடத்துகிறது. இது வெல்டரின் நெடுநாளைய கட்சி. கேட்க ஆள் கிடைக்காததால் ஷேவிங் கண்ணாடியிடம்தான் சொல்லிக்கொள்வார். கண்ணாடியும் வேறெதையோ நினைத்துக்கொண்டிருப்பதாக அவருக்கு ஒரு சந்தேகம் உண்டு.

வெல்டர் என்பது அவர் பெயரல்ல. ஆயுள் முழுக்க இரும்பு கேட்டும் ஜன்னல் கம்பியும் பற்றவைத்த மனிதர். பட்டறையை மூடியபோது தொழில் போனது, பெயர் மட்டும் தெருவில் தங்கிவிட்டது. ஐந்தாம் வகுப்பில் அவரும் பள்ளிக்கூடமும் பரஸ்பரம் கைகழுவிக்கொண்டார்கள். அன்றிலிருந்து படித்தவர்கள் பேச்சை நம்புவதில்லை. படிக்காதவர்கள் பேச்சையும் நம்புவதில்லை, அவரே படிக்காதவர் என்பதால் அந்த வகையறாவை அவருக்கு நன்றாகத் தெரியும்.

வீட்டில் அவரும் பேத்தியும்தான். மகள் தவறிப்போய் இரண்டு வருடமாகிறது. மருமகனுக்கு ஆலையில் ஷிப்ட் வேலை, வீட்டுக்குத் தூங்க மட்டும் வருவான். பேத்திக்குப் பதின்மூன்று வயது. அவளுக்குப் பசி, தூக்கம், தாத்தா எல்லாம் புத்தகத்துக்கு அப்புறம்தான்.

அவளுக்குக் காய்ச்சல் வந்த ஒரு நாளில்தான் வினை ஆரம்பித்தது. நூலகப் புத்தகத்துக்குக் கெடு முடிகிற நாள் அது.

“தாத்தா, இதை மறுபடியும் பதிஞ்சு கொண்டு வாங்க. முக்கியமான இடத்துல நிக்குது. தொலைச்சிடாதீங்க.”

“நான் என்ன சின்னப் பிள்ளையா?”

“சின்னப் பிள்ளைங்க தொலைக்க மாட்டாங்க தாத்தா.”

கறுப்பு அட்டை. அதில் ஒரு பெரிய கத்தரிக்கோல், கத்தரிக்கோலின் வாயில் ஒரு பெண்ணின் நிழல். தலைப்பு ‘நிழல் அறுப்பவர்கள்’. இரண்டாம் பாகம் வேறு. முதல் பாகத்தில் அறுத்தது போதவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டே நூலகத்துக்குப் போனார்.

அப்படி என்னதான் எழுதியிருக்கிறது என்று பார்க்கச் சிறுவர் பகுதியில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்தார். தலைக்கு மேலிருந்த டியூப் லைட் சாகிற மீன் மாதிரி துடித்துக்கொண்டிருந்தது. வெல்டிங் சுடரைப் பார்த்துப் பார்த்துப் பழுதான கண்ணுக்கு ஓர் எழுத்தும் பிடிபடவில்லை. எழுந்து நேரே நூலகரிடம் போனார்.

“ஏம்மா, சின்னப் பிள்ளைங்க படிக்கிறது. இப்படி இருட்டா இருந்தா என்ன அர்த்தம்? பிள்ளைங்களுக்குக் கெடுதல் இல்லையா? மேலிடத்துல சொல்லி ஏதாவது செய்யக் கூடாதா?”

சொல்லிக்கொண்டே கையை உயர்த்தி விளக்கைக் காட்டினார். அந்தக் கையில் புத்தகம் இருந்தது. நூலகர் கை காட்டிய இடத்தைப் பார்க்கவில்லை, கையில் இருந்ததைப் பார்த்தார். பார்த்ததும் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

காரணம் இருந்தது. இளையோர் வாசிப்புத் தகுதி ஆய்வுக் குழு என்று அங்கே ஒரு குழு உண்டு. இருண்ட கதைகள் பிள்ளைகள் கையில் சிக்காமல் காப்பது அதன் வேலை. முத்திரை செய்தாயிற்று, பெயர்ப்பலகை மாட்டியாயிற்று, தலைவருக்குச் சுழல் நாற்காலியும் வந்தாயிற்று. புகார்தான் ஒன்றுகூட வரவில்லை. குழுவைக் கலைத்துவிடலாமா என்று மேலிடத்திலிருந்து கேட்டிருந்த வாரம் அது.

“உக்காருங்கய்யா. டீ சாப்பிடறீங்களா?” என்றார் நூலகர்.

ஒரு டியூப் லைட்டுக்கு இவ்வளவு மரியாதையா என்று வெல்டருக்கே கூச்சமாகப் போய்விட்டது. டீ வந்தது, பிஸ்கட் வந்தது, கையெழுத்துப் போட ஒரு தாளும் வந்தது. தாளில் என்ன இருக்கிறது என்று அவர் பார்க்கவில்லை. பெற்ற தாய் கொடுத்த சில்லறையைக்கூட எண்ணிப் பார்த்து வாங்கிய மனிதர், டீ கொடுத்தவரை நம்பிவிட்டார்.

“புத்தகம் இங்கேயே இருக்கட்டும்,” என்றார் நூலகர்.

“பதிஞ்சு வைங்க. வந்து வாங்கிக்கிறேன்.”

வீட்டுக்கு வந்து, பிள்ளைகளின் கண்ணைக் காப்பாற்றிவிட்டு வந்த பெருமையோடு பேத்தியிடம் நடந்ததைச் சொன்னார். அவர் பாதி சொல்லும்போதே அவள் போனில் செய்தி வந்தது. ‘உங்கள் பாதுகாவலர் அளித்த புகாரின் பேரில் நிழல் அறுப்பவர்கள் நூல் விசாரணைக்காக நிறுத்தி வைக்கப்படுகிறது. தங்கள் நலனில் அக்கறையுள்ள பாதுகாவலர் வாய்த்தமைக்கு வாழ்த்துகள்.’

பேத்தி அதைச் சத்தமாகப் படித்துக் காட்டினாள். பிறகு போர்வையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டாள். அதன்பின் அவர் எதைக் கேட்டாலும் ‘ம்’ தான். சாப்பிடறியா, ம். மாத்திரை போட்டியா, ம். என் மேல கோவமா, ம்.

மறுநாள் காலையில் நூலகம் திறப்பதற்கு முன்பே வெல்டர் வாசலில் நின்றார்.

“அம்மா, நான் சொன்னது டியூப் லைட்டை.”

“தெரியும்யா. நீங்க போனப்புறம் தலைய நிமிர்ந்து பார்த்தப்பதான் எனக்கே புரிஞ்சுது.”

“அப்ப அந்தத் தாளைக் கிழிச்சுப் போடுங்க.”

“தலைவர் கையெழுத்துப் போட்டாச்சே. குழுவுக்கு வந்த முதல் புகார் உங்களுது. அதையும் வாபஸ் வாங்கிட்டா குழு எதுக்குன்னு கேப்பாங்க. உங்களைப் பாராட்டி ஒரு தீர்மானம் வேற போட்டிருக்காங்க.”

“என்னை ஏமாத்திட்டுப் பாராட்டு வேறயா? சரி, லைட்டையாவது மாத்துவீங்களா?”

“அது மின்சாரப் பிரிவுங்க. அதுக்குத் தனியா மனு குடுக்கணும்.”

பிறகு நூலகர் விதியை விளக்கினார். புகார் கொடுத்தவரே அந்தப் புத்தகத்துக்குக் குழுவின் பொதுமக்கள் உறுப்பினர். அவர் நூலகத்திலேயே உட்கார்ந்து புத்தகத்தைப் படித்து, இருட்டான இடங்களில் எல்லாம் கறுப்பு ஸ்டிக்கர் ஒட்டித் தர வேண்டும்.

“மத்த உறுப்பினர்ங்க படிக்கமாட்டாங்களா?”

“படிச்சா நடுநிலை போயிடும்னு தலைவர் சொல்றாருங்க.”

ஆக, பேத்தியின் புத்தகத்தை மீட்க வேண்டுமானால் அதைப் படித்தாக வேண்டும். படித்துவிட்டு, இதில் இருட்டே இல்லை என்று சொல்லிவிடலாம் என்பது அவர் போட்ட கணக்கு. ஜன்னலோரமாக நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, எழுத்தின் மேல் விரலை வைத்து ஆரம்பித்தார். உதடு அசையாமல் அவருக்கு வரி நகராது. பக்கத்து மேஜைகள் தானாகக் காலியாயின.

அது ஒரு நகரத்தின் கதை. ராஜாவின் ஆட்கள் கத்தரிக்கோலோடு வந்து ஜனங்களின் நிழலை அறுத்துக்கொண்டு போவார்கள். நிழல் போனவர்கள் கொஞ்ச நாளில் செத்துப்போவார்கள். செத்தவர்கள் பொழுது சாய்ந்ததும் அவரவர் வீட்டுக்கு வந்து கதவைத் தட்டுவார்கள். வெல்டர் முதலில் சிரித்தார். நிழலை அறுக்கிற கத்தரியை எந்த இரும்பில் அடித்தானாம் என்று நூலகரைக் கேட்டார். அடுத்த நாள் கேட்கவில்லை. அதற்கடுத்த நாள் நூலகர் மேஜையில் முத்திரை குத்திய சத்தத்துக்கு எழுந்து நின்றுவிட்டார். வீட்டுக்குப் போகிற வழியில் தன் நிழல் கூடவே வருகிறதா என்று திரும்பிப் பார்த்துக்கொண்டார். தெருவில் யாராவது கவனித்துவிட்டார்களா என்பதற்காக இன்னொரு தடவை திரும்பினார். ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும் என்பது அடியோடு மறந்துபோயிற்று.

கதையில் வரும் பெண்ணின் அம்மாவும் நிழல் அறுபட்டுச் செத்துப்போகிறாள். ஒரு நாள் அவளும் வந்து தட்டுகிறாள். ‘கண்ணு, கதவைத் திற. வெளியே குளிருது’ என்கிறாள். அந்தப் பெண் தாழ்ப்பாளில் கை வைக்கிறாள். அந்த இடத்தில் நூலகம் மூடுகிற மணி அடித்தது. நூலகர் வந்து அவர் விரலுக்கு அடியிலிருந்து புத்தகத்தை உருவிக்கொண்டார்.

அவர் மகளும் பேத்தியைக் கண்ணு என்றுதான் கூப்பிடுவாள்.

அன்று சாயங்காலம் வீட்டில் தனியாக இருந்தபோது கதவு தட்டப்பட்டது.

“தாத்தா, கதவைத் திறங்க.”

“யாரு?”

“நான்தான்.”

“நான்தான்னா யாரு?”

“சாவிய மறந்துட்டுப் போயிட்டேன். திறங்க, வெளிய குளிருது.”

வெல்டர் தாழ்ப்பாளில் வைத்த கையை எடுத்துவிட்டார். “உங்க கணக்கு டீச்சருக்கு நீங்க வெச்சிருக்கிற பட்டப்பேர் என்ன, சொல்லு.”

“பெருக்கல்.”

திறந்தார். பேத்தி பையைத் தோளிலிருந்து இறக்காமல் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். அவசரத்துக்குக் கதவைத் திறக்கச் சொன்னதை விட்டால், ‘ம்’ அல்லாத ஒரு வார்த்தை அவள் வாயிலிருந்து அத்தனை நாளுக்குப் பிறகு வந்தது.

“எதுவரைக்கும் படிச்சீங்க?”

“எதை?”

“தாத்தா.”

“தாழ்ப்பாள் வரைக்கும்,” என்று ஒப்புக்கொண்டார். “அப்புறம் பிடுங்கிக்கிட்டாங்க.”

“நானும் அங்கதான் நிக்கிறேன்.” அவள் உட்கார்ந்து ஷூவின் முடிச்சை அவிழ்த்தாள். “நீங்களா இருந்தா திறப்பீங்களா?”

“மாட்டேன்.”

“நான் திறப்பேன்,” என்றாள், முடிச்சிலிருந்து கண்ணை எடுக்காமல்.

வெல்டருக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை. அவள் சொன்ன விதம்தான் காரணம். அடம் இல்லை, அழுகை இல்லை, கடைக்குப் போய்விட்டு வருகிறேன் என்பதுபோலச் சொன்னாள். இந்தப் புத்தகம் இந்தப் பிள்ளைக்கு ஆகாது என்று அவருக்குத் தோன்றிவிட்டது. அத்தனை நாளும் குழுவை வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டிருந்தவர், விசாரணையில் ‘தடை பண்ணுங்க’ என்று சொல்லிவிடுவது என்று முடிவு கட்டினார். அந்த ஆட்கள் பக்கம் தானும் போய் நிற்கப்போவதை நினைக்க அவருக்கே சிரிப்பாக இருந்தது. ஆனால் முடிவை மாற்றிக்கொள்ளவில்லை.

விசாரணை மாடிக் கூடத்தில் நடந்தது. பேத்தியையும் வரச் சொல்லியிருந்தார்கள். வந்தவளை உள்ளே விடவில்லை. விவாதிக்கப்போகும் பொருள் சிறுவர்கள் கேட்கத் தகுந்ததல்ல என்று சொல்லி வராந்தா பெஞ்சில் உட்காரவைத்தார்கள்.

தலைவர் எடை அளவைத் துறையில் பெரிய பதவியிலிருந்து ஓய்வு பெற்றவர். பக்கத்தில் ஆலோசகர் என்று ஓர் அம்மாள், மடியில் ஒரு மெத்தென்ற தலையணை. பதற்றம் வந்தால் அணைத்துக்கொள்வதற்காம். மூன்றாவது ஆள் குழந்தைகளின் பிரதிநிதி. அவருக்கு ஐம்பது வயதுக்கு மேலிருக்கும், மீசைக்குச் சாயம் பூசியிருந்தார்.

“ஒரு குழந்தையையே போட்டிருக்கலாமே?” என்று வெல்டர் கேட்டார்.

“இந்த மாதிரி புத்தகத்துக்குப் பக்கத்துல குழந்தைய விட முடியுமா? பேசாம உக்காருங்க,” என்றார் பிரதிநிதி.

தலைவர் எழுந்து தொண்டையைச் செருமினார். “இருட்டை இதுவரைக்கும் யாரும் அளந்தது கிடையாது. நாங்க அளந்திருக்கோம். ராத்திரி நடக்கிற பக்கத்துக்கு ஒரு இருள். நிலா வந்தா முக்கால் இருள். மெழுகுவத்தி ஏத்தியிருந்தா அரை. இந்தக் கணக்குப்படி இந்தப் புத்தகம் அனுமதிக்கப்பட்ட அளவைவிட மும்மடங்கு இருட்டு.”

“பகல்ல நடக்கிற கொலைக்கு?” என்றார் வெல்டர்.

“வெளிச்சம் போதுமான அளவு இருந்தா நாங்க தலையிடறதில்லை,” என்றார் தலைவர். “என்னையே எடுத்துக்கோங்க. சின்ன வயசுல ஒரு கதைப் புத்தகத்தைக் கையால தொட்டதில்லை. அதனாலதான் இன்னைக்குவரைக்கும் பயம், கண்ணீர், கற்பனை எதுவும் என்னை அண்டினது கிடையாது. என் மனைவியே சொல்லுவாங்க, உங்களுக்கு ஒண்ணுமே உறைக்காதுன்னு. அப்படி ஒரு தலைமுறையை உருவாக்கணும்ங்கிறதுதான் எங்க லட்சியம்.”

பிரதிநிதி கைதட்டினார். “நாங்க குழந்தைங்க,” என்று அவர் ஆரம்பித்தார், “எங்களுக்கு முயல் பிடிக்கும். முயலைத் தவிர வேற எதுவும் பிடிக்காது. நான் முயலைப் பத்தி மட்டுமே புத்தகமா எழுதித் தள்ளியிருக்கேன். ஒண்ணைக்கூட எந்தக் குழந்தையும் வேண்டாம்னு சொன்னதில்லை. கையில எடுத்துப் பார்த்தாத்தானே வேண்டாம்னு சொல்ல?”

அடுத்து ஆலோசகர் மென்மையான குரலில் பேசினார். தடை என்ற சொல்லே அவருக்குப் பிடிக்கவில்லையாம், திருத்தினால் போதுமாம். “ராத்திரின்னு வர்ற இடத்துல எல்லாம் காலைன்னு சீட்டு ஒட்டிடலாம். கத்தரிக்கோலுக்குப் பதிலா சீப்பு. அப்புறம், செத்துப்போன அம்மான்னு வருது பாருங்க, அது ரொம்பக் கடுமையா இருக்கு. வெளியூர் போன அம்மான்னு மாத்திடலாம். பிள்ளைங்களுக்கும் ஆறுதலா இருக்கும்.”

வெல்டர் தலையைத் தூக்கினார். தடை என்ற வார்த்தையை நாக்கு நுனியில் வைத்துக்கொண்டு காத்திருந்தவர் அதை அப்படியே விழுங்கிவிட்டார்.

“வெளியூர் போனவ திரும்பி வந்து காலங்காத்தால கதவைத் தட்டறா. பொண்ணு திறக்கலாமா வேண்டாமான்னு நடுங்கிக்கிட்டு நிக்கிறா. என்னம்மா, அந்தப் பொண்ணு என்ன லூசா?”

“அது நாம ஒரு நேர்மறையான...”

“செத்தவ செத்தவளாவே இருக்கட்டும். யாரு செத்தாங்க, யாரு வெளியூர் போனாங்கன்னு வெளிய பெஞ்சில உக்காந்திருக்கே ஒண்ணு, அதுக்கு நல்லாத் தெரியும். சீட்டு ஒட்டி மறைக்கிற வயசெல்லாம் தாண்டிடுச்சு அது. இன்னும் சொல்லப்போனா நான் புகாரே குடுக்கலை. நான் சொன்னது கீழ இருக்கிற டியூப் லைட்டை.”

ஆலோசகர் தலையணையை அணைத்துக்கொண்டார். தலைவர் மட்டும் அசையவில்லை.

“இருட்டு எங்கிருந்து வந்தா என்ன, இருட்டு இருட்டுதான்,” என்றார் அவர். “அளந்தாச்சு. இப்ப பாதிப்பு என்னன்னு மட்டும் சொல்லுங்க. புத்தகம் படிச்சதுல அந்தப் பெண்ணுக்கு என்ன ஆச்சு?”

“ஒண்ணும் ஆகலை. சாப்பிடுது. தூங்குது. பரீட்சையில நல்ல மார்க் வாங்குது.”

“பாதிப்பு இல்லாம புகாரை முடிக்க முடியாதே,” என்றார் தலைவர். அவர் முகம் வாடிப்போனது. “யாருக்காவது ஏதாவது ஆகியிருக்கணும். இல்லைன்னா புத்தகம் இங்கேயேதான் இருக்கும், பாதிப்பு தெரியறவரைக்கும்.”

வெல்டர் கூரையைப் பார்த்தார். தரையைப் பார்த்தார். வராந்தாப் பக்கம் கதவு மூடியிருக்கிறதா என்றும் பார்த்துக்கொண்டார்.

“எனக்கு ஆச்சு,” என்றார்.

“என்ன ஆச்சு?”

“கதவு தட்டினா பயமா இருக்கு. சொந்தப் பேத்தியை நிக்கவெச்சு டீச்சர் பட்டப்பேரைக் கேட்டுத்தான் உள்ள விட்டேன். தெருவுல நடந்தா நிழலைத் திரும்பிப் பார்க்கிறேன். பாத்ரூம் போறப்ப பாட்டுப் பாடிக்கிட்டே போறேன், எனக்குப் பாடவே வராது. போதுமா?”

தலைவர் முகத்தில் வெளிச்சம் வந்தது. மூவரும் தலையைச் சேர்த்துவைத்து முணுமுணுத்தார்கள். பிரதிநிதி, “ஐயாவுக்கு என்ன வயசு?” என்று கேட்டார். வெல்டர் எழுபத்தொன்று என்றார். மறுபடி முணுமுணுத்தார்கள். பிறகு தலைவர் சுழல் நாற்காலியை நேராக்கிக்கொண்டு தீர்ப்பை வாசித்தார்.

“நிழல் அறுப்பவர்கள் என்னும் நூலை இளையோர் எவ்விதத் தடையுமின்றிப் படிக்கலாம். எழுபது வயதுக்கு மேற்பட்டோர் மனத்தில் இந்நூல் கடும் விளைவை உண்டாக்குவது ஐயமற நிரூபணமாகியிருப்பதால், அவ்வயதினர் பொறுப்புள்ள சிறுவர் ஒருவரின் துணையோடு மட்டுமே இதைப் படிக்கவோ, எடுத்துச் செல்லவோ அனுமதிக்கப்படுவர்.”

ஆலோசகர் வெல்டரைப் பரிவோடு பார்த்து, தலையணை வேண்டுமா என்று கேட்டார்.

பேத்தியைக் கூப்பிட்டார்கள். பாதுகாவலர் என்று போட்டிருந்த இடத்தில் அவள் கையெழுத்துப் போட்டாள். காப்பில் இருப்பவர் என்ற இடத்தில் வெல்டர் போட்டார். இந்தத் தடவை தாளை ஒரு வரி விடாமல் விரல் வைத்துப் படித்துவிட்டுத்தான் போட்டார், படித்து ஒரு பிரயோஜனமும் இல்லை.

“பெரியவரைக் கவனமாப் பார்த்துக்கோம்மா,” என்றார் தலைவர்.

“பார்த்துக்கிறேன் சார்,” என்றாள் அவள். பாடவே வராத பாட்டைப் பற்றி அவர் சொன்னது வராந்தாவரைக்கும் கேட்டிருக்கிறது என்பது அவள் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்த விதத்திலிருந்தே தெரிந்தது.

நூலக வாசலைத் தாண்டுவதற்குள் அவள் புத்தகத்தைத் திறந்துவிட்டாள். தூணில் சாய்ந்து நின்றபடியே படித்தாள். வெல்டர் அவசரமில்லாதவர்போலச் செருப்பு வாரைச் சரிசெய்தார். சரியாக இருந்த வாரைக் கழற்றி மறுபடியும் மாட்டினார். பக்கங்கள் திரும்புகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அவள் மூக்கை உறிஞ்சியதும் கேட்டது. அவர் நிமிரவில்லை.

“திறந்துட்டா தாத்தா.”

“திறப்பா, திறப்பா. அப்புறம்?”

“அம்மா உள்ள வர்றாங்க. வந்து கொஞ்ச நேரம் அவ பக்கத்துல உக்கார்றாங்க. தலையைத் தடவிக் குடுக்கிறாங்க. அப்புறம், இனிமே யாரு வந்து தட்டினாலும் திறக்காதே, என் குரல்ல கூப்பிட்டாலும் திறக்காதேன்னு சொல்லிட்டுப் போயிடறாங்க.”

வெல்டர் யோசித்தார்.

“இதைச் சொல்றதுக்குக் கதவைத் திறக்கச் சொல்லணுமா? வெளிய நின்னே சொல்லியிருக்கலாமே.”

“சொல்லியிருக்கலாம்,” என்றாள் பேத்தி. “ஆனா பார்க்கணும்னு இருக்காதா தாத்தா?”

அவர் செருப்பு வாரை இன்னொரு தடவை கழற்றினார்.

“அதெல்லாம் எழுதினவன் சொல்றது. அவன் என்ன கண்டான்? எத்தனை கதவு செஞ்சிருக்கேன் நான்,” என்றார். “மூணாவது பாகத்துல பாரு, அம்மான்னு வந்தவ நிஜமா யாருன்னு தெரியும்.”

“மூணாவதையும் எடுக்கட்டுமா? நான்தான் துணைக்கு இருக்கேனே.”

“எனக்கு ஒண்ணும் வேண்டாம். அந்தப் பொம்பளையை நான் நம்பலை,” என்று சொல்லிவிட்டு, அவள் வருகிறாளா என்றுகூடப் பார்க்காமல் படியிறங்கித் தெருவில் நடந்தார்.